எட்டுக்கை டிரான்ஸ்போர்ட்டின் பத்து மாதங்கள்

1

2024ஆம் ஆண்டு ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை, காலை 7 மணி 10 நிமிடம். கொல்லிமலையில் எங்கள் ஊர்ப்பக்கம், வாழவந்தி நாட்டில், நல்ல பனிமூட்டம். சுவரில் தொங்கிய வெப்பமானி 13 பாகை காட்டியது. காற்று இல்லை, மழை இல்லை. இருபதடி தள்ளி நின்ற லாரியின் முகப்பு மட்டும் தெரிந்தது, பின்பக்கம் தெரியவில்லை. அந்த நேரத்தில் கனடாவிலிருந்து என் மகள் செல்வி போனில் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். பேச்சு மொத்தம் பதினாறு நிமிடம். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இன்று 2026 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. சரியாக இரண்டு வருஷம். டொரன்டோவுக்கு மேற்கே, மகள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மைனஸ் 14. காலை 5.20க்குச் செல்வி வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நான்கு படி. நான்கும் இறங்கி முடித்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஏழு மணிக்கு மருமகன் ரொட்டி ஆலையில் இரவு முறை முடித்து வந்து படுத்தார். 7.50க்குப் பேத்தி யாழினி பள்ளிப் பேருந்தில் போனாள். அதற்கு மேல் இந்த வீட்டில் விழித்திருப்பவன் நான் ஒருவன்தான்.

எண்ணுவது எனக்குச் சோறு போட்ட வேலை. நாமக்கல்லில் ஒரு பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எந்த டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், மலைக்கு ஏறிய வண்டி எழுபது வளைவையும் கடந்து செம்மேட்டுக்கு எத்தனை நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றேன். மனைவி காலமான பிறகு, ஏழு வருஷமாக இங்கே இருக்கிறேன். செல்வி லாரி ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும், "எம் பையனும் வரலாமுங்களா? எங்க படிக்கறது, யாருகிட்ட சேர்றது?" என்று மலையிலிருந்து இதுவரை ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்பது பேரிடமும் ஏதோ சொல்லி மழுப்பினேன். நடந்ததைச் சொன்னதில்லை.

2

செல்வி பி.காம். படித்தவள். இங்கே வந்து எட்டு வருஷம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினாள். 2023 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"பெட்டிய அடுக்கறவளுக்கு ஒரு சம்பளம். அதே பெட்டிய ஓட்டிட்டுப் போறவங்களுக்கு ஒன்றரை மடங்கு. அவிங்களுக்கு முதுகும் வலிக்கறதில்ல. நானும் லாரி கத்துக்கறேனுங்கப்பா."

மருமகன் உடனே சரி என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். என்னைப் பொறுத்தவரை அதுதான் சம்மதம்.

இந்த மாகாணத்தில் பெரிய லாரி உரிமம் வாங்க, குறைந்தது நூற்று மூன்றரை மணி நேரம் பயிற்சி பெற்றே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த அரை மணியையும் விடாமல் எழுதியவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் எல்லாப் பள்ளியும் அதே நூற்று மூன்றரையைத்தான் பலகையில் எழுதி வைத்திருக்கிறது. கட்டணம் மட்டும் மாறுகிறது. ஒரே நாளில் மூன்று பள்ளிக்குப் போனோம். ஐந்து பஸ் மாறினோம்.

முதல் பள்ளி ஒரு கடைத்தெருவின் மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களுக்கு டீ கொடுத்து, பாஸ் ஆகும்வரை தன் பொறுப்பு என்றார். நான் செல்வியிடம், "இந்த நூத்தி மூணரையில உன் கை ஸ்டீயரிங்ல இருக்கறது எத்தனை மணின்னு கேளு" என்றேன்.

"அப்பா, அதெல்லாம் கேட்டா என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். கேளு."

கேட்டாள். ஒரு லாரியில் நான்கு பேர் போவார்களாம். ஒருவர் ஓட்டும்போது மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்களாம். பார்ப்பதும் பயிற்சிதான் என்றார். இரண்டாவது பள்ளியில் லாரிக்கு மூன்று பேர். மூன்றாவது பள்ளியில் சாலைப் பயிற்சிக்கு ஒரு லாரிக்கு ஒருவர்தான். கட்டணம் இரண்டாயிரத்து முந்நூறு டாலர் கூடுதல். அங்கே இருந்த அம்மாள், ஒவ்வொரு மணிக்கும் பயிற்சியாளரும் மாணவரும் கையெழுத்திட்ட ஒரு தாளை, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினார். எங்கள் டிப்போ ரெஜிஸ்டரைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே சேர் என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வி சிரித்தாள். "இத்தன வருசம் நீங்க எண்ணுறதப் பாத்து எனக்குக் கூச்சமா இருக்குமுங்கப்பா. இன்னைக்கு எண்ணுனது நல்லதுக்குத்தான்."

டிசம்பரில் முதல் தேர்விலேயே பாஸ் செய்தாள். அவள் வகுப்பில் பதினோரு பேரில் முதல் முறையே பாஸ் ஆனவர்கள் நான்கு பேர். எனக்குத் தலைக்கனம் வந்தது அப்போதுதான். லாரித் தொழிலில் எதை எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

3

அந்த ஜனவரியில் மிளகு அறுவடைக்காக மலைக்குப் போயிருந்தேன். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட 214 மிளகுக் கொடிகள் எனக்கு உண்டு. பார்த்துக்கொள்வது என் மனைவியின் தம்பி; பெயர் பெரியண்ணன். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்குகிற லாரி ஒன்று அவருக்கு இருக்கிறது. பதினாறு வயதில் நாமக்கல்லில் ஒரு லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, கடன் வாங்கி, ஒரு நாள் சொந்த லாரியின் நெற்றியில் குலசாமி பெயரை எழுதியவர்.

இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் ஒரு டிரைவரைப் பார்த்தால் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை; எப்போது ஓனராகிறாய் என்றுதான் கேட்பார்கள். டிரைவர் வேலை என்பது ஓனராகிறவரைக்கும் இருக்கிற வேலை. இதற்குள்ளேயே நான் முப்பத்தோரு வருஷம் இருந்தவன்.

செல்வியின் போன் வந்தபோது பெரியண்ணன் பக்கத்தில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, கேக்குதுங்களா? ரெண்டு எடத்துலயும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காத்தால பதில் சொல்லோணும்."

முதல் இடம், மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு பெரிய கம்பெனி. மணிக்கு இருபத்து நான்கரை டாலர். அதில் வரி, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் பிடித்துக்கொள்வார்கள். முதல் ஆறு வாரம் பக்கத்தில் ஓர் அனுபவசாலி உட்கார்ந்து வருவார். இரண்டாவது இடம், திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர். இங்கே பதினோரு லாரி வைத்திருக்கிறார். மணிக்கு முப்பது டாலர், ஒரு காசு பிடித்தம் இல்லை. ஆனால் செல்வி தன் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்ய வேண்டும். அவர் செல்விக்குச் சம்பளம் தரமாட்டார். அந்தக் கம்பெனிக்குப் பணம் தருவார்.

"ஆறு வாரம் ஒருத்தங்க கூடவே வாரது எனக்கு நல்லதாப் படுதுங்கப்பா. லைசென்ஸ் இருக்குது, ஆனா உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்குது."

பெரியண்ணன் குறுக்கிட்டார். "அது கிளீனர் வேலைதான் சாமி. லைசென்ஸ் வாங்கியும் கிளீனராப் போறதா?"

"இல்லீங் மாமா, ஓட்டறது நாந்தான்."

"யாரு ஓட்டுனா என்ன, அடுத்தவன் கம்பெனின்னா கடைசிவரைக்கும் டிரைவருதான். இந்த மனுசன் கம்பெனியே உம் பேர்ல போடச் சொல்றாரு. நான் ஓனராக பத்தொம்பது வருசம் ஆச்சு. நீ வெடிஞ்சா ஓனரு."

"லாரி அவருதுங்க மாமா. பேரு மட்டுந்தான் எனக்கு."

"பேரு வந்தா லாரி பின்னாலயே வரும் கண்ணு."

நான் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். மணிக்கு ஐந்தரை டாலர் வித்தியாசம். வாரம் ஐம்பது மணி. வருஷத்துக்குப் பதினாலாயிரத்து முந்நூறு. பிடித்தம் என்ற சொல்லையே எனக்குப் பிடிக்காது. என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஒன்பது வகைப் பிடித்தம் இருக்கும். ஒன்பதையும் முப்பத்தோரு வருஷம் திட்டினேன். இன்று எனக்கு மருந்து வாங்கித் தருகிற ஓய்வூதியம் அந்த ஒன்பதில் ஒன்றிலிருந்து வருகிறது. அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்கப்பா?"

"ரெண்டாவதே எடுத்துக்க கண்ணு. நம்ம பக்கத்து மனுசன். தமிழ்ல பேசிக்கலாம். பிடித்தமும் இல்ல."

 "சரிங்கப்பா" என்றாள்.

பள்ளியை நான் சரியாகத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்தச் சரி வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டேன்.

4

கம்பெனிக்குப் பெயர் வைத்தது நான். எங்கள் மலையில் இருக்கிற எட்டுக்கை அம்மன் பெயரில் எட்டுக்கை டிரான்ஸ்போர்ட். நாமக்கல்லில் லாரிக்கு எழுதுகிற பெயின்டரிடம் சொல்லி, இரண்டடி நீளம், அரையடி அகலத் தகட்டில், சிவப்பின் மேல் மஞ்சளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கினேன். 850 ரூபாய். டொரன்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து தகட்டை வெளியே எடுத்தார். இது என்ன என்றார். எனக்கு அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் வந்தது இரண்டே சொல்: "டாட்டர், ஓனர்." அவர் தகட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்து, பத்திரமாக உள்ளே வைத்து, மகளுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை, செல்விக்கு முதல் நாள். தகட்டை எடுத்துக்கொண்டு நானும் லாரி நிறுத்துமிடத்துக்குப் போனேன். திருச்செங்கோட்டுக்காரர் மரியாதையான மனிதர்.

"வாங்கய்யா, வாங்க. கொல்லிமலைங்களா? எங்கப்பாரு போர்வெல் லாரி கொண்டுட்டு அங்கெல்லாம் வந்திருக்காருங்க. உங்க தண்ணி குடிச்சிருக்காரு."

தகட்டைக் கொடுத்தேன். படித்தார். பெரிதாகச் சிரித்தார்.

"என்னங்கய்யா, இன்னைக்குப் பேரு எழுதுவீங்க, நாளைக்கு லாரியவே எழுதிக் கேப்பீங்களாட்ட இருக்குதுங்களே. பேரெல்லாம் பேப்பர்ல இருந்தாப் போதுமுங்க."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் பயிற்சி என்றார்கள். இரண்டு நாள் ஒருவர் கூடப் போனார். மூன்றாம் நாள் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நாள் குறைகிறதே என்று எனக்குப் பட்டது. சாவி கைக்கு வந்துவிட்டதே என்றும் பட்டது. பின்னதைத்தான் பெரியண்ணனுக்குப் போனில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதோறும் எட்டுக்கை டிரான்ஸ்போர்ட் என்று அச்சிட்ட காசோலை வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரை ஒருமுறை படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். நாற்பத்து மூன்று காசோலைகள் வந்தன. அதில் ஒரு பகுதியை வரிக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவன் என்று வீட்டில் நான் ஒருவன் இருந்தேன்.

5

2024 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் உறைமழை பெய்து, விடிந்தபோது தரை கண்ணாடி போல இருந்தது. காலை 6.25க்கு ஒரு கிடங்கு வாசலில் செல்வி லாரியிலிருந்து இறங்கினாள். வலது கையில் டீ பிளாஸ்க். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி முகத்தை வெளிப்பக்கம் வைத்து இறங்கினாள். இரண்டாவது படி வழுக்கியது. விழும்போது கையை ஊன்றினாள். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் செலவில்லை. வேலையில் பட்ட காயமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அப்படியானால் சம்பள இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முதலாளி பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திருச்செங்கோட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "உங்க கம்பெனி பேரத்தான் போடோணும் கண்ணு, அதுதானே உண்மை" என்றார். இடது கையால் கோணலாக எழுதினாள்.

ஐந்து வாரம் கழித்து இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யாழினிதான் படித்தாள். பதின்மூன்று வயது. அப்புச்சி என்ற சொல்லைத் தவிர என்னிடம் அவள் பேசுகிற தமிழ் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் அன்று தெளிவாகச் சொன்னாள்.

"அப்புச்சி, பணம் இல்லையாம். அம்மாதான் பாஸாம். பாஸ் தனக்குத்தானே இன்சூரன்ஸ் வாங்கியிருக்கணுமாம்."

அந்த வாரக் கடைசியில் திருச்செங்கோட்டுக்காரர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான் கேட்டேன். கையில் கட்டோடு இருக்கிற பெண்ணுக்குக் கட்டுப் பிரிக்கும்வரை பாதிச் சம்பளமாவது கொடுக்கலாமே என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அய்யா, நானும் ஒரு ஓனரு. உங்க மகளும் ஒரு ஓனரு. ஒரு ஓனரு இன்னொரு ஓனருகிட்டச் சம்பளம் கேக்கறது எங்கயாச்சும் உண்டுங்களா? உங்களுக்குத் தெரியாததுங்களா, நாமக்கல்லுல இருந்தவருங்க."

 அந்த வாக்கியத்தை அவருக்கு முன்பே நானும் பெரியண்ணனும் சொல்லியிருக்கிறோம், வேறு வார்த்தையில்.

பதினான்கு வாரம் வருமானம் இல்லை. அந்த நாட்களை மருமகன் ஆலையில் கூடுதல் ஷிப்ட் பார்த்து ஓட்டினார். கை சேர்ந்ததும் செல்வி, தான் பத்து மாதம் லாரி ஓட்டியதற்கு ஒரு சான்று கடிதம் கேட்டாள். இங்கே புது டிரைவருக்கு முதல் இரண்டு வருஷ அனுபவம்தான் உயிர். அது இல்லாதவரை எடுக்கிற பெரிய கம்பெனிகள் ஒன்றிரண்டுதான். அதற்கும் அவரிடம் அதே பதில்தான்: "நீங்க எங்கிட்ட வேலை பாக்கலியே கண்ணு. நான் எப்படி எழுதறது?" அந்தப் பத்து மாதமும் அனுபவமாக எந்தக் காகிதத்திலும் இல்லை.

பிறகு வரி அலுவலகத்தின் கடிதம். வரி, முதலாளி பங்கும் தொழிலாளி பங்குமாக இரண்டு பங்கு ஓய்வூதியத் தொகை, தாமத அபராதம்: 11,860 டாலர். ஊரிலிருந்து கேட்ட ஒன்பது பேருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். பள்ளியில் சேரும்போது கை ஸ்டீயரிங்கில் எத்தனை மணி என்று கேளுங்கள். வேலையில் சேரும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கீழே விழுந்தால் படிவத்தில் முதலாளி என்று யார் பெயரை எழுதுவது என்று கேளுங்கள். தமிழில் பேசுகிறவரிடம் இரண்டு முறை கேளுங்கள்.

6

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும். முடியாது.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. சமவெளியில் எத்தனை வருஷம் ஓட்டியவரானாலும், கொல்லிமலை வண்டியை எடுக்கும் முன் பதினைந்து நாள் பழைய டிரைவர் பக்கத்தில் இருக்க ஓட்டிப் பழக வேண்டும். அந்தக் கணக்கை வைத்திருந்தவன் நான். ஒருமுறை மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், பதினொரு நாள் முடித்துவிட்டு என் ஜன்னலில் வந்து நின்றார்.

"நாலு நாள்தானே சார். அதிகாரி வாயால சரின்னுட்டாரு. நீங்க டூட்டி மட்டும் போட்டுடுங்க."

"பதினஞ்சுன்னா பதினஞ்சு. போய் நாலு நாள் பழகிட்டு வாங்க."

"பதினெட்டு வருச சர்வீஸ் சார் எனக்கு."

"அந்தப் பதினெட்டு வருசத்துல எழுவது வளைவு ஒரு தடவையாச்சும் வந்துச்சுங்களா?"

திட்டிக்கொண்டே போனார். நான்கு நாள் கழித்து வந்தார், டூட்டி போட்டேன். முன்பின் தெரியாத ஒரு டிரைவருக்கு நான்கு நாளை விட்டுக்கொடுக்காதவன், சொந்த மகளுக்கு ஆறு வாரம் கிடைத்தபோது அதைக் கிளீனர் வேலை என்று பெரியண்ணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பஸ் டிக்கெட்டில் கணக்குப் போட்டேன். ஓனர் என்ற சொல் காதில் விழுந்த பிறகு என் ரெஜிஸ்டர் எனக்கு மறந்துபோயிற்று.

2025 ஏப்ரலில் செல்வி, படித்த அதே பள்ளியில் மறுபயிற்சி எடுத்தாள். பிறகு மளிகைக் கம்பெனிக்கே மறுபடி விண்ணப்பித்தாள். என்னிடம் சொல்லவில்லை. மே மாதம் ஒரு நாள் காலை, புதுக் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபோதுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம், முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"லாரிய எடுக்கவே இல்லீங்கப்பா. முழு நாளும் ஏறி எறங்கறது மட்டுந்தான் சொல்லிக்குடுத்தாங்க. முகம் லாரியப் பாக்கோணும், ரெண்டு கையும் புடிச்சிருக்கோணும், கையில எதுவும் இருக்கக் கூடாது. நாப்பது தடவ எறங்க வெச்சாங்க."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மிளகுக் கொடிகளை மூன்று வருஷக் குத்தகைக்குப் பெரியண்ணனிடமே விட்டேன். அவர் பேரம் பேசவில்லை; அவருக்கும் உறுத்தல்தான். அதோடு ஓய்வூதியச் சேமிப்பையும் சேர்த்து, வரிக்கு 11,860, மறுபயிற்சிக்கு 1,850, ஆக 13,710 டாலருக்குக் காசோலை எழுதி அவள் முன்னால் வைத்தேன்.  "வாங்கிக்கறேனுங்கப்பா" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. ஒரு நாளாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

ஜூன் முதல் தேதி என் கணக்கில் 150 டாலர் வந்திருந்தது. வங்கியின் தவறு என்று நினைத்துப் போய் விசாரித்தேன். உங்கள் மகள் மாதாமாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்றாள் அங்கிருந்த பெண். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"எதுக்கு கண்ணு இது?"

"கடன்தானுங்கப்பா."

"நான் கடனாக் குடுக்கல."

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் அவளை வேறு வழித்தடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பதாகச் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. இரண்டு வழி இருக்கிறது; ஒன்றில் பணம் கூடுதல், ஒன்றில் வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம். மருமகனிடம் கேட்டாள். யாழினியிடமும் கேட்டாள். நான் எதிரில்தான் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் கொஞ்சம் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள்.

மாதம் 150 வீதம் முழுதும் தீரத் தொண்ணூற்று இரண்டு மாதம் ஆகும். எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. அந்தத் தவறு முழுதாக என்னுடையதாகவே இருக்கட்டும் என்றுதான் அந்தக் காசோலையை எழுதினேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இதுவரை எட்டு மாதத்தில் 1,200 டாலர் திரும்பி வந்திருக்கிறது. அதைக் கழித்தால், இன்றைய தேதிக்கு எனக்கு ஆன செலவு பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து டாலர்.